மேற்குச் சுவரும் பேக்கரின் கையேடும்

இந்த வாரம் நாளிதழுக்குள் ஒரு துண்டு விளம்பரம். கடலூரில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்பு. பளிங்குத் தரை உண்டு, ஜிம் உண்டு, மாட்யுலர் கிச்சன் உண்டு. வரைபடத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று படுக்கையறைகளும் மேற்கே பார்க்கின்றன. கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தை லிஃப்டும் படிக்கட்டும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மேற்குச் சுவர் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. சித்திரை வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் கக்குகிற சுவர் அது.

வரைந்த ஆர்க்கிடெக்டுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மனையும் பணமும் விலையும் புரமோட்டர் கையில். மெல்பர்னில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆர்க்கிடெக்டுகள் பலர் தாங்களே பணம் போட்டு, ‘நைட்டிங்கேல் 1’ என்ற குடியிருப்பை 2017-இல் கட்டி முடித்தார்கள். கார் நிறுத்த இடம் கிடையாது. துணி துவைக்க மொட்டைமாடியில் பொது இடம். லாபத்துக்கு உச்சவரம்பு. வாங்கியவர் கொள்ளை விலைக்கு மறுவிற்பனை செய்யவும் கட்டுப்பாடு.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கை லாரி பேக்கரின் கையேட்டை எடுத்துவிட்டது. எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகம். இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர் பேக்கர். வீடு கட்டும் செலவைக் குறைப்பது எப்படி என்று தன் கையாலேயே படம் போட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் தேவையானவை ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் யோசனையை ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு எனக்கு மிகவும் பிடித்தது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது இன்ச், நடுவில் வெற்றிடம். கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். மேற்குச் சுவருக்கு இதைவிட நல்ல மருந்து எது?

சிதம்பரத்தில் ஒரு வீட்டு வேலையில் இதை நேரில் பார்த்தேன். மூத்த கொத்தனாருக்கு மனசே இல்லை. “உள்ள பொந்தா இருக்கே சார், நிக்குமா?” என்றார். இன்ஜினீயர் மூலைப் பொந்துகளில் கம்பி இறக்கி கான்கிரீட் போடச் சொன்னார். நாலு வரி எழும்பியதும் பெரியவர் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், கரணையின் பிடியால் தட்டிப் பார்த்தார், அப்புறம் சித்தாளிடம் கலவையைக் குறைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு இந்தப் பக்கம் ஓட்டு வீடு என்றாலே பயம். அதற்கும் கையேட்டில் பதில் இருக்கிறது. மேல்தளக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை வைத்து வார்த்தால் சிமென்ட்டும் மிச்சம், சூடும் குறையும். காற்று தூக்க ஓடு வெளியே இருக்காது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பரவவில்லை? ஆர்க்கிடெக்டின் கட்டணம் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் பேசப்படுகிறது. கல்லை மிச்சம் பிடித்தால் அவர் வருமானம் குறையும். புரமோட்டர் மிச்சம் பிடித்தாலோ வாங்குகிறவருக்கு விலை குறைவதில்லை. பேக்கர் இந்த இரண்டையும் உடைத்தார். வரைந்தவரும் அவரே, கொத்தனார்களை வைத்துக் கட்டியவரும் அவரே. மிச்சம் வீட்டுக்காரருக்குப் போனது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைச் செய்ய முடியும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். நெய்வேலிச் சாம்பலில் செய்த கல் இருக்கிறது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்ற சட்ட ஏற்பாடும் நம்மிடம் உண்டு. பத்துக் குடும்பங்களோடு ஓர் ஆர்க்கிடெக்டும் தன் பணத்தைப் போட்டு இறங்கட்டும். தன் லாபம் எவ்வளவு, மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதை மனை வாங்கும் நாளிலேயே பத்திரத்தில் எழுதட்டும். அப்படி எழுதாதவர் ஆர்க்கிடெக்டாகவே இருந்தாலும், எனக்கு அவர் இன்னொரு புரமோட்டர்தான்.