தன்னம்பிக்கை பாடம் நடத்தாது

"மனசுல உறுதி இருந்தா போதும், ஊனம் ஒரு தடையே இல்லை." மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்துவிட்டால் மதுரைப் பக்கம் பரவை முதல் மேலூர் வரை இந்த வசனம் ஒலிக்காத மேடை இல்லை. மாற்றுத்திறனாளி மாணவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், கைதட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அதே கல்லூரியில், "மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்பயிற்சியைக் கட்டாயத் தாளாக வையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்குத் தனிப் பாடம் எதுக்கு சார்? நாலு நல்ல வார்த்தை சொன்னா அவங்களே செஞ்சுருவாங்க" என்பார்கள். உடற்கல்வி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "வகுப்புக்கு ஒருத்தர், ரெண்டு பேர். அவங்களுக்காக ஒரு தாளா?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அதோடு, இந்தத் தாளைப் படிக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். நாளைக்கு ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் விசிலோடு நிற்கப்போகிற பி.டி. ஆசிரியர்கள்.

இரண்டு: "அது பிசியோதெரபிஸ்ட் வேலை." எழுந்து நடக்க வைப்பது அவர் வேலை. நடக்கத் தொடங்கிய பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு சேர்த்து விளையாட வைப்பது உடற்கல்வி ஆசிரியரின் வேலை. பி.டி. பீரியடுக்குப் பிசியோதெரபிஸ்ட் வரமாட்டார்.

மூன்று: "கேரம், செஸ் இருக்கே." உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாகவே பரிந்துரை இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம். மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவு. மரத்தடியில் உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொன்னால் இதயமும் நுரையீரலும் வலுப்பெறாது.

நான்கு: "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" இந்தப் பாடம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைக் குட்டிக்கரணம் போடச் சொன்னால் தண்டுவடமே பாதிக்கப்படலாம். தசைச்சிதைவு நோய் உள்ள பையனைக் களைத்து விழும்வரை ஓட வைத்தால் மிச்சமிருக்கும் தசையும் கெடும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் நிலையோ இதற்கு நேர்மாறு. எடை தூக்கினால் தசை இறுக்கம் கூடிவிடும் என்று நெடுங்காலம் அவர்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். அது தவறு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. யாரை எங்கே நிறுத்த வேண்டும், யாரை நிறுத்தவே கூடாது என்பது படித்தால்தான் தெரியும்.

ஐந்தாவது, அந்த மேடை வசனமே. மற்ற நான்கும் இதன் நிழலில் பிழைப்பவை.

இந்த வசனத்துக்குச் சாட்சியாக மாரியப்பன் தங்கவேலுவைத்தான் அழைப்பார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எல்லாம் மனவலிமை என்கிறார்கள். பள்ளியில் அவரைக் கவனித்து உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்ட உடற்கல்வி ஆசிரியரையும், பிறகு பெங்களூரில் பயிற்சி கொடுத்த சத்யநாராயணாவையும் ஏன் சொல்வதில்லை? அப்படியொரு ஆசிரியர் வாய்க்காத பிள்ளைகளுக்கு மனவலிமை குறைவு என்றா சொல்லப்போகிறோம்?

இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட பிரிட்டிஷ் படைவீரர்களைப் பாருங்கள். போர்முனைக்குப் போய் வந்தவர்களுக்கு மன உறுதிக்கா பஞ்சம்? ஆனால் அந்தக் காலத்தில் அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். விளையாட்டைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960-இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்குக்கு வித்து அதுதான். உறுதி வீரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பிழைக்க வைத்தது குட்மனின் அறிவும் ஒழுங்கும்.

நம்மூருக்கு வருவோம். மே மாத மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மார்பின் மேற்பகுதியில் தண்டுவடம் அடிபட்ட மாணவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடல் சூட்டை வெளியேற்ற முடியாது. இதயத் துடிப்பும் மற்றவர்களைப் போல ஏறாது. நாடி பிடித்துப் பார்த்து அவர் களைப்பை அளக்கவும் முடியாது. அவரிடம் போய், "விடாதே, உன்னால் முடியும்" என்று கத்துகிறார்கள். அவரும் ரோஷத்தோடு சக்கர நாற்காலியைத் தள்ளுகிறார். ஊக்கம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. பாடம் படித்த ஆசிரியராக இருந்தால் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு வைப்பார். ஈரத்துண்டும் நிழலும் தயாராக இருக்கும். எவ்வளவு களைப்பாக இருக்கிறது என்று மாணவரையே கேட்டு, அதற்கேற்ப நிறுத்துவார்.

அந்த வசனத்தின் மிகப் பெரிய கேடு வேறு. ஊனம் தடையே இல்லை என்று அறிவித்துவிட்டால், சாய்தளம் கட்டாதது யார் குற்றமும் இல்லை. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்காததும் யார் குற்றமும் இல்லை. தோற்றால் அந்த மாணவருக்கு மன உறுதி போதவில்லை, அவ்வளவுதான். நிறுவனத்தின் கடமை முழுவதையும் பிள்ளையின் தோளில் இறக்கி வைக்கிறார்கள்.

சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16: அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் விளையாட்டு வாய்ப்பு மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும். பிரிவு 47: ஊனம் பற்றிய கல்வியையும் ஆய்வையும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் வளர்க்க வேண்டும். உரிமை எழுத்தில் இருக்கிறது. அதை மைதானத்துக்குக் கொண்டுவரும் ஆசிரியரை உருவாக்கத்தான் கட்டாயப் பாடம் இல்லை.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை விருப்பப் பாடமாக ஓரத்தில் ஒதுக்காதீர்கள். உடற்கல்வி படிக்கும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக்குங்கள். பாதி நேரத்தையாவது மைதானத்தில், மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து நடத்துங்கள். அதைச் செய்த பிறகு டிசம்பர் 3 மேடைக்கு வாருங்கள்.