22/7 பழசும் இல்லை, பிழையும் இல்லை



"ஏன் இன்னும் 22/7 படிப்பிக்கிறீங்க, சரியான பெறுமானம் 3.14 தானே?" என்று எங்களிடம் கேட்கிற வாப்பாமார் கூடிக்கொண்டே போகிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் 3.14உம் சரியான பெறுமானம் இல்லை. இரண்டுமே அண்ணளவு. அதிலும் உண்மையான பைக்குக் (3.14159...) கிட்ட நிற்பது 22/7தான்.

ஆரை 7 மீற்றர் உள்ள ஒரு வட்டக் காணியை எடுங்கள். ஆரையின் வர்க்கம் 49. அதை 7ஆல் வெட்டினால் 7, அதை 22ஆல் பெருக்கினால் 154 சதுர மீற்றர். உண்மையான பரப்பளவு ஏறத்தாழ 153.94. அவ்வளவு பெரிய காணியில் வித்தியாசம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை! 3.14 போட்டால் 153.86 வரும், அது இன்னும் கொஞ்சம் தள்ளி.

ஆர்க்கிமிடீஸ் 2200 வருடங்களுக்கு முன்பே, பை 22/7ஐ விடச் சற்றுக் குறைவு, 223/71ஐ விடச் சற்றுக் கூட என்று நிறுவிவிட்டார். அல்-குவாரிஸ்மி தன் அட்சரகணித நூலில் நடைமுறை வேலைக்கு மூன்றும் ஏழில் ஒன்றும் என்கிறார், வானியலாளர்களுக்கு 62832/20000. வேலைக்கேற்ற பெறுமானம், அவ்வளவுதான். ஆரை 7, 14, 21 என்றால் 22/7 இலகு. ஆரை 10 என்றால் 3.14, உடனே 314. கல்குலேட்டர் இல்லாத சாதாரண தரப் பரீட்சையில் இது சின்ன விசயமில்லை. வினாத்தாளில் எந்தப் பெறுமானத்தைக் கொள்ளச் சொல்கிறார்களோ அதையே போட வேண்டும்.

எங்களுக்குக் கவலை வேறு. "பை என்றால் 22/7" என்றே பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு பை விகிதமுறு எண்ணா என்று கேட்டால், ஓம், பின்னமாக எழுதலாமே என்கிறார்கள். இந்தப் பிழைக்கு வழிவிடுவது "எனக் கொள்க" என்ற சொல்லுக்குக் கருத்துச் சொல்லாமல் கடந்துபோகும் எங்கள் பாடங்கள்தான். ஆசிரியர்கள் நாங்கள் முதல் நாளே அதைச் சொல்ல வேண்டும். எப்போதும் 7இன் மடங்குகளையே கொடுக்காமல் 5, 8 என்றும் ஆரைகள் கொடுக்க வேண்டும்.

(புள்ளிகள் அதிகம் போவது இதிலும் இல்லை, 7இன் வர்க்கம் 14 என்று எழுதுவதில்தான்!)

வீட்டில் சஹன் இருக்கும். பிள்ளையிடம் ஒரு நூலைக் கொடுத்துச் சுற்றளவை அளந்து விட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள். மூன்றும் கொஞ்சமும் வரும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அவர்களே தேடட்டும்.