ஒரு 'டிக்' போடாததற்கு ஒரு மாதச் சம்பளமா?

முகூர்த்த மாதம் என்றால் சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. மாதிரி கார்டுகளைக் கையில் வைத்துக் கொண்டு மாமாவும் சித்தப்பாவும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

கார்டு தேர்ந்தெடுக்கும் நாளில் எல்லோருக்கும் சிரிப்பு. அச்சாகி வரும் நாளில்தான் சில கடைகளில் கூத்து!

கட்டைப் பிரிக்கிறார்கள். அட்டையில் தங்க ஃபாயிலில் பளபளக்க வேண்டிய பிள்ளையார், மையிலேயே கன்னங்கரேல் என்று அச்சாகி உட்கார்ந்து இருக்கிறார். கார்டை வெட்டுவதற்காகப் போட்ட கோடும் சேர்ந்து அச்சாகி விட்டது. மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தைக் காணோம்.

"என்னய்யா இது? கல்யாணப் பத்திரிகையா, கருமாதிப் பத்திரிகையா?" என்று பெண்ணின் தாய்மாமன் குதிக்கிறார்.

கடை முதலாளி யாரைப் பார்ப்பார்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருக்கும் பையனைத்தான் பார்ப்பார்.

"இந்த மாசம் உனக்குச் சம்பளம் கிடையாது, போ!"

தீர்ப்பு சொல்லியாகி விட்டது. விசாரணை கிடையாது!

கொஞ்சம் விசாரித்துத்தான் பார்க்கலாமே. பையன் என்ன செய்தான்?

அட்டைப் படம் வெளியே ஒரு ஓவியரிடம் இருந்து வந்தது. உள் பக்கத்து விஷயத்தைப் பையன் அடித்தான். இரண்டும் தனித் தனி ஃபைல். ராத்திரி 8 மணிக்கு முதலாளி, "இரண்டையும் ஒண்ணா சேர்த்து அனுப்புப்பா. மிஷின் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். பையன் அந்த ஃபைலைத் திறந்தான். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்தான். காப்பி எடுத்தான். இந்த ஃபைலில் ஒட்டினான். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடத்தில்தான் கதை கந்தல் ஆனது.

கல் அச்சுக் காலம்

இந்த வேலைக்கான மென்பொருள்கள் புதுசு அல்ல. அடோபி கம்பெனியின் இல்லஸ்ட்ரேட்டர் 1987-இல் வந்தது. கோரல் டிரா 1989-இல் வந்தது. காசு கொடுக்காமல் இறக்கிக் கொள்ளக்கூடிய இங்க்ஸ்கேப் 2003-இல் தொடங்கியது. மூன்றும் கோடுகளைக் கணக்காக வைத்துப் படம் போடுகிறவை. அதனால் விசிட்டிங் கார்டில் இருக்கும் படத்தைத் தட்டி போர்டு அளவுக்கு இழுத்தாலும் உடையாது.

மூன்றிலும் லேயர் உண்டு. லேயர் என்றால், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. ஒரு தாளில் எழுத்து. ஒரு தாளில் பூ வேலை. ஒரு தாளில் ஃபாயில் அடிக்க வேண்டிய இடம். இன்னொன்றில் வெட்டும் கோடு. மேலே இருந்து பார்த்தால் ஒரே படம். மிஷினுக்குப் போகும்போது தனித் தனி.

கல் அச்சுக் காலத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு நிறத்துக்கு ஒரு கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. ஓரத்தில் கூட்டல் குறி போட்டு, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் மயிரிழை பிசகாமல் விழும்படி அடிப்பார்கள். சிவப்புக் கல்லில் போட வேண்டியதை மஞ்சள் கல்லில் போட்டால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்து மேஸ்திரிக்குத் தெரியும். பையனுக்கு அப்படி ஒரு மேஸ்திரி இல்லை. இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தான். மூன்றாவது வாரம் நாற்காலியில் உட்கார வைத்து விட்டார்கள்.

சரி, அந்த அரை நிமிடத்தில் நடந்தது என்ன?

இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு ஃபைலில் இருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டினால், சாதாரணமாக எல்லாம் அப்போது எந்த லேயர் தேர்வில் இருக்கிறதோ அந்த ஒரே லேயரில் போய் விழும். நாலு லேயரில் இருந்து வந்ததும் ஒரே மூட்டை! ஃபாயில் இடத்தைக் கறுப்பில் போட்டுக் காட்டுவதுதான் அச்சுத் தொழில் பழக்கம். அந்தக் கறுப்பு, மை அடிக்கும் லேயரில் கலந்தது. பிள்ளையார் கறுத்தது இப்படித்தான். வெட்டும் கோடும் இதே வழியில்தான் உள்ளே வந்தது.

வழிப் படம் எங்கே போனது? ஓவியர் அதைத் தவறி யாரும் நகர்த்தி விடக்கூடாது என்று பூட்டி வைத்து இருந்தார். பூட்டிய லேயரும் மறைத்த லேயரும் மொத்தமாகப் பிடிக்கும்போது கையில் சிக்காது. நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டு. ஆனால் படம் பழைய ஃபைலிலேயே தங்கி விட்டது.

இதற்கு மருந்து இல்லையா? அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. லேயர் பட்டியலின் மூலையில் உள்ள சின்ன மெனுவில் 'பேஸ்ட் ரிமெம்பர்ஸ் லேயர்ஸ்' என்று ஒரு வரி. அதில் ஒரு டிக் போட்டால் போதும். எந்த லேயரில் இருந்து வந்ததோ, அதே பெயர் உள்ள லேயரில் போய் உட்காரும். அந்தப் பெயரில் லேயர் இல்லை என்றால் புதிதாக ஒன்றை உண்டாக்கிக் கொள்ளும்.

கோரல் டிராவிலும் இப்படி ஒரு டிக் உண்டு. வெளி ஃபைலை உள்ளே கொண்டு வரும்போது, லேயர்களையும் பக்கங்களையும் அப்படியே வைத்துக் கொள்ளட்டுமா என்று கேட்கும். டிக் இல்லை என்றால் எல்லாம் ஒரே லேயர். இங்க்ஸ்கேப்பில் லேயர் என்பதே உள்ளுக்குள் பெயர் சூட்டிய ஒரு குழுதான். அதனால் உள்ளே கொண்டு வந்த பிறகு குழுவைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

டிக் போட்டாலும் ஒரு வில்லங்கம் உண்டு. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஓவியர் 'ஃபாயில்' என்று வைத்து, பையன் 'தங்கம்' என்று வைத்தால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர் என்று அலைகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும்.

யார் பொறுப்பு?

லேயருக்கு இன்ன பெயர்தான் வைக்க வேண்டும் என்று கடையில் சொல்லி வைக்க வேண்டியது யார்? முதலாளி. நாலே நாலு பெயர். ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டி, வெளி ஓவியருக்கும் ஒரு நகல் கொடுத்தால் முடிந்தது. பூட்டைத் திறந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் காப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதும் அவர்தான்.

புரூஃப் விஷயத்தில் முதலாளி தப்பிக்கவே முடியாது. தாய்மாமன் கையெழுத்துப் போட்ட புரூஃப், இரண்டு ஃபைலையும் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்தது! சேர்த்த பிறகு ஒரு தாள் கலரில் எடுத்துக் காட்டி இருந்தால் பிள்ளையார் அங்கேயே பிடிபட்டு இருப்பார். ஒரு தாள் மிச்சம் பிடிக்கப் போய் 1,000 கார்டு குப்பையில்.

சில கடைகளில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. காசு வாங்கிக் கொண்டு, வாடிக்கையாளருக்கு லேயர் எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கிய ஃபைலைக் கொடுப்பது. வேறு கடைக்குப் போய் விடக்கூடாதாம்! அமுக்கிச் சேமித்து மூடி விட்டால், லேயரைப் பிறகு பழையபடி மீட்க முடியாது. அடுத்த தங்கச்சி கல்யாணத்துக்குப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்ற முடியாமல், முதலில் இருந்து காசு கொடுக்க வேண்டும்.

எழுத்துகளைக் கோடாக மாற்றிக் கொடுப்பதில் மட்டும் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக் கொண்டாலும், பழைய எழுத்துருக்கள் கடைகளில் புழங்கத்தான் செய்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறி விடும். அதனால் அச்சுக்குக் கோடு. ஆனால் கோடாக்கிய பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்றால் தட்டித் திருத்த முடியாது. அதற்குத்தான் எழுத்து எழுத்தாகவே இருக்கும் ஒரு பிரதியைத் தனியாக வைக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்படக் கூடாது. காசு கொடுத்தவர்கள் அவர்கள்தானே!

தாய்மாமனுக்கு மறு அச்சு அடித்துக் கொடுத்தார்கள். கல்யாணமும் நடந்து விடும். பையன் வீட்டில் அந்த மாத வாடகையை யார் கொடுப்பது? டிக் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் காட்டிக் கொடுக்காத பையனிடம் பிடித்த சம்பளத்தை முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதி அல்ல, முழுசாக!