சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் கேட்பதில்லை? வைரஸை வெட்டும் 'என்சைம் கத்தரிக்கோல்'!

நாலு நாள் விடாமல் மழை பெய்தால் போதும்... வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் தும்ம ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்து மருந்துக்கடைதான். ''போன தடவை கொடுத்தீங்களே, அதே ஆன்டிபயாடிக்ல நாலு கொடுங்கண்ணே'' என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் ஏராளம்.

சாதாரண சளி, ஃப்ளூ இரண்டுமே வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக்கால் வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. காரணம் புரிய வேண்டுமென்றால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் ஒழுகிய ஒரு மூக்கிலிருந்து தொடங்க வேண்டும்!

ஃபிளெமிங்கின் மூக்குச்சளி

1921-ம் ஆண்டு. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. தன் மூக்குச்சளியையே எடுத்து, பாக்டீரியா வளர்ந்த தட்டில் சேர்த்துப் பார்த்தார். சளி பட்ட இடத்தைச் சுற்றி பாக்டீரியா கரைந்துபோனது. அதற்குக் காரணமான என்சைமுக்கு 'லைசோசைம்' என்று பெயர் வந்தது. கண்ணீரிலும் எச்சிலிலும் வெள்ளையணுக்களிலும் அது இருக்கிறது. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சுவரை உடைப்பதுதான் அதன் வேலை.

அதே ஃபிளெமிங் 1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்தார். அது பாக்டீரியாவை அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. மற்ற ஆன்டிபயாடிக்குகளும் பாக்டீரியாவுக்கே உரிய பாகங்களைத்தான் குறிவைக்கின்றன.

வைரஸுக்கோ அந்தச் சுவரே கிடையாது. அது நம் செல்லுக்குள் புகுந்து, அங்கிருக்கும் சாமான்களை வைத்தே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. அதனால், அதை அடக்க உடல் வேறு ஆயுதங்களை வைத்திருக்கிறது.

பக்கத்து செல்லுக்கு ஓர் எச்சரிக்கை

1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் இருவரும் ஃப்ளூ வைரஸையும் கோழி முட்டைக் கருவின் சவ்வையும் வைத்து ஆய்வு செய்தார்கள். வைரஸைச் சந்தித்த செல்கள் ஒரு பொருளை வெளியிடுவதையும், அது மற்ற செல்களைக் காப்பதையும் கண்டார்கள். அதுதான் 'இன்டர்ஃபெரான்'. ''திருடன் வந்துட்டான், கதவைச் சாத்துங்க'' என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பது போன்றது இது.

குரல் கேட்ட செல்கள் 'ஓ.ஏ.எஸ்' என்ற என்சைமை அதிகமாகத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. பல சுவாச வைரஸ்கள் பிரதி எடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ உருவாகும். அதைக் கண்டதும் ஓ.ஏ.எஸ் ஒரு சிக்னல் மூலக்கூறைத் தயாரிக்கும். அந்த சிக்னல், தூங்கிக்கொண்டிருக்கும் 'ஆர்.என்.ஏஸ்-எல்' என்ற இன்னொரு என்சைமை எழுப்பும். இதுதான் கத்தரிக்கோல். வைரஸின் ஆர்.என்.ஏ-வைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். சில நேரம் செல்லின் சொந்த ஆர்.என்.ஏ-வும் சேர்ந்தே வெட்டுப்படும். செல்லே செத்தாலும் பரவாயில்லை, வைரஸ் பெருகக் கூடாது என்பதுதான் கணக்கு.

இதையும் மீறி வைரஸ் பெருகினால், கொல்லும் டி செல்களும் என்.கே செல்களும் வரும். 'பெர்ஃபோரின்' என்ற புரதத்தால் பாதிக்கப்பட்ட செல்லில் துளை போட்டு, 'கிரான்சைம்' என்ற என்சைமை உள்ளே அனுப்பும். அந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

பச்சைச் சளியைப் பார்த்துப் பயமா?

சளி பச்சையாக மாறினாலே ''இன்ஃபெக்‌ஷன் முத்திடுச்சு'' என்று ஆன்டிபயாடிக் தேடுவார்கள். அந்தப் பச்சை நிறத்துக்கு முக்கியக் காரணம், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவில் இருக்கும் 'மைலோபெராக்சிடேஸ்' என்சைம். அதில் இரும்பு கலந்த பச்சை நிறமி உண்டு. வெள்ளையணுக்கள் வேலை செய்ததற்கான அடையாளம் அது. நிறத்தை மட்டும் வைத்து, பாக்டீரியா தொற்று என்று முடிவு செய்ய முடியாது.

ஆனால், இந்த ஆயுதங்கள் இரண்டு பக்கமும் கூரானவை. நியூட்ரோஃபில் வெளியிடும் 'எலாஸ்டேஸ்' என்சைம் அளவு மீறினால் நுரையீரல் திசுவையே அரிக்கும். கொரோனா காலத்தில், ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காக்க உதவிய 'டெக்ஸாமெத்தசோன்' வைரஸைக் கொல்லும் மருந்து அல்ல. எல்லை மீறிய எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து!

ஒருவருக்குத் தும்மல், ஒருவருக்கு ஐ.சி.யூ

ஒரே வைரஸ் இருவரை வேறு வேறு மாதிரி பாதிப்பதற்கு இந்த என்சைம்களும் ஒரு காரணம். நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த ஒரு மரபணுப் பகுதியில் ஓ.ஏ.எஸ் மரபணுக்கள் இருக்கின்றன. அதைப் பெற்றவர்களுக்கு கொரோனா தீவிரமாகும் அபாயம் சுமார் 22% குறைவு என்று 2021-ல் ஹியூகோ ஸீபர்க், ஸ்வாந்தே பாபோ இருவரும் கண்டறிந்தார்கள். பாபோ 2022-ல் நோபல் பரிசு பெற்றவர்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியாவில் இருந்தவர்களில் சுமார் 10 சதவிகிதத்தினரின் உடலில், சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்ததாக 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. எச்சரிக்கை மணியையே உடல் அடித்து நிறுத்திவிட்ட நிலை அது. 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடிகள் இதைச் சரிசெய்துவிடாது.

என்ன செய்யலாம்?

* டாக்டர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் வேண்டாம். தேவையில்லாமல் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் வளர வழி செய்யும்.

* முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் தாமதிக்க வேண்டாம். 'ஓசெல்டாமிவிர்' மருந்து, வைரஸின் சொந்த என்சைம் ஒன்றை முடக்கும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். இதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

* மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, குழப்பமான பேச்சு, குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்வாங்குவது, விட்ட காய்ச்சல் மறுபடி அதிகமாக வருவது... இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்றபடி, சாதாரண சளிக்கு ஓய்வும் தண்ணீரும் போதும். கத்தரிக்கோல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்!