பாதை ஊருக்குள் நுழையும் இடம்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்குகிறது. 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். 1968ஆம் ஆண்டின் தேசியப் பாதைகள் சட்டம் இதைத் தேசியப் பாதையாக அறிவித்தது. சட்டப்படி யாரும் நடக்கலாம். ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணோ, வெள்ளையரும் கறுப்பினத்தவருமான ஒரு கணவன் மனைவியோ இந்தப் பாதையில் நடப்பதும், வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் நடப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் களையும் பொறுப்பு நடக்கிறவர்களின் தலையில் விழுந்திருக்கிறது. அது பாதையை நிர்வகிப்பவர்களின் கைக்கு மாற வேண்டும்.

நெடும்பாதையில் நடப்பவர் மலையிலேயே இருந்துவிட முடியாது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை உணவு தீர்ந்துபோகும். அப்போது மலையைவிட்டு இறங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, வருகிற வண்டிக்குக் கை காட்டி லிஃப்ட் கேட்டுப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். பல நாள் குளிக்காத உடம்பு, அழுக்கேறிய சட்டை, முதுகில் மூட்டை. வெள்ளையர் ஒருவர் இந்தக் கோலத்தில் நின்றால், பாதை நடப்பவர் என்று பார்த்தவுடன் புரிந்துகொள்கிறார்கள். கறுப்பின ஆடவர் அதே கோலத்தில் நின்றால் யாராகப் பார்ப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 பிப்ரவரியில் இதே ஜார்ஜியா மாநிலத்தின் கடலோர ஊரொன்றில் அகமது ஆர்பரி என்ற 25 வயது இளைஞர், குடியிருப்புப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தார் என்பதற்காகவே துரத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த எந்தக் கறுப்பினத்தவரும் சாலையோரத்தில் கை நீட்டுமுன் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார்.

எரித்திரிய வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் ரஹாவா ஹைலே 2016இல் இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்தார். கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைச் சுமந்துபோய், வழியில் உள்ள தங்குகொட்டகைகளில் ஒவ்வொன்றாக விட்டுச் சென்றார். ஒவ்வொரு கிராமையும் எடைபோட்டுப் பல்துலக்கியின் கைப்பிடியைக்கூட வெட்டிக் குறைக்கிற நெடுநடையில், புத்தகச் சுமை சின்ன விஷயமல்ல. பின்னர் எழுதிய கட்டுரையில், பாதையோர ஊர்களில் தாம் கண்ட கான்ஃபெடரேட் கொடிகளைப் பற்றியும் அவர் சொன்னார். அடிமைமுறையைக் காப்பாற்ற உள்நாட்டுப் போரில் இறங்கிய தென்மாநிலங்களின் கொடி அது. அந்தக் கொடி பறக்கும் தெருவில்தான் அவர் அரிசியும் பருப்பும் வாங்கியாக வேண்டும், இரவு தங்கவும் வேண்டும்.

இந்த அச்சம் வெறும் மனப்பிரமை என்று சொல்கிறவர்கள் பாதையோர ஊர்களின் பழைய கதையைக் கேட்க வேண்டும். டென்னசி மாநிலத்தில் நோலிச்சக்கி ஆற்றைப் பாதை கடக்கும் இடத்தில் எர்வின் என்ற ஊர் இருக்கிறது. நடப்பவர்கள் களைப்பாற விரும்பி இறங்கும் ஊர். 1918 மே மாதத்தில் அங்கே ஒரு கும்பல் கறுப்பினத்தவர் ஒருவரைக் கொன்று, அவர் உடலை எரிப்பதை மற்றக் கறுப்பினத்தவர்கள் நின்று பார்க்கும்படி செய்தது. பிறகு அத்தனை பேரையும் ஊரைவிட்டே விரட்டியது. பாதையின் தென்முனைக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஃபோர்சைத் மாவட்டத்தில் 1912இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இப்படியே துரத்தப்பட்டார்கள். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் பாதை நூறு மைல் ஓடுகிறது. அதன் ஓரத்தில் உள்ள லூயிஸ் மலை முகாம், 1939இல் கறுப்பினத்தவருக்கு மட்டுமென ஒதுக்கித் திறக்கப்பட்ட இடம். பூங்காவில் இந்தப் பிரிவினை முழுதாக நீங்க 1950 வரை ஆனது. பாதை கட்டி முடிக்கப்பட்டது 1937இல். அதாவது, பாதையும் பிரிவினையும் ஒரே காட்டில் 13 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்திருக்கின்றன.

கலப்பினத் தம்பதியரின் கதை இன்னும் நேரடியானது. வெள்ளையரான ரிச்சர்ட் லவ்விங்கும் கறுப்பினத்தையும் பழங்குடியையும் சேர்ந்த மில்ட்ரெட்டும் 1958இல் தலைநகர் வாஷிங்டனில் மணம் செய்துகொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். சில வாரங்களில், நள்ளிரவில் படுக்கையறைக்குள் நுழைந்த போலீஸார் அவர்களைக் கைது செய்தார்கள். சிறைக்குப் போவதா, 25 ஆண்டுகள் மாநிலத்தைவிட்டு வெளியேறுவதா என்பதுதான் நீதிமன்றம் முன்வைத்த தேர்வு. 1967 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது 16 மாநிலங்களில் கலப்புமணத்தைக் குற்றமாக்கும் இத்தகைய தடைச் சட்டங்கள் உயிரோடு இருந்தன. ஜார்ஜியா, வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்தும் அவற்றில் அடங்கும். தெற்கிலிருந்து நடக்கத் தொடங்குபவர் முதலில் கடக்கும் ஐந்து மாநிலங்கள் இவைதான். முழுப்பாதையில் ஏறத்தாழப் பாதித் தூரம்.

இந்தச் சட்டங்கள் கறுப்பினத்தவரோடு நிற்கவில்லை. சீன மாலுமி ஒருவருக்கும் வெள்ளையினப் பெண்ணுக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் 1955இல் தீர்ப்பளித்தது. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இலேயே நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வார இறுதியில் பிள்ளைகளோடு ஷெனண்டோவா மலைக்குப் போகும் வட வர்ஜீனியத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு.

சட்டம் செத்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பழக்கம் சாகவில்லை. லிஃப்ட் கேட்கும்போது இருவரில் யார் முன்னால் நிற்பது? அறை கேட்க யார் உள்ளே போவது? ஊருக்குள் கைகோத்து நடக்கலாமா? கலப்பினத் தம்பதியர் அன்றாடம் இவற்றுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. இதைவிடக் கடினமானது இருவருக்கும் இடையில் நிகழ்வது. கடைக்காரரின் பார்வையில் ஒருவர் எதையும் கண்டிருக்க மாட்டார், மற்றவர் எல்லாவற்றையும் கண்டிருப்பார். நீ மிகையாக நினைக்கிறாய் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்றைய மிச்ச நடை முழுவதும் அந்தச் சொல்லும் கூடவே வரும். மூன்று ஆள் அகலம்கூட இல்லாத கூடாரத்தில் அதோடுதான் படுக்கவும் வேண்டும்.

பாதையில் உள்ளவர்கள் அன்பானவர்கள் என்பது உண்மை. முன்பின் தெரியாதவர்கள் குடிநீரும் பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் எந்த வண்டி நிற்கும், அதில் யார் இருப்பார் என்ற அதிர்ஷ்டத்தின்மேல் ஒரு குடிமகளின் பாதுகாப்பு தொங்கக் கூடாது. கறுப்பினத்தவருக்கு மலையேற்றத்தில் நாட்டமில்லை என்ற இன்னொரு வாதத்துக்கு நாம் பதில் சொல்லத் தேவையே இல்லை. இந்தப் பாதையையும் அமெரிக்காவின் மற்ற இரு பெரும் நெடும்பாதைகளையும் சேர்த்து ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர் நடந்து முடித்த முதல் கறுப்பினப் பெண்ணாக 2018இல் எல்சி வாக்கரும், முதல் கறுப்பின ஆடவராக 2019இல் ஈராக் போர் வீரர் வில் ராபின்சனும் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பாதையைப் பேணும் அப்பலாச்சியன் பாதை காப்பகம், பாதையோர ஊர்களைத் தேர்ந்தெடுத்துப் 'பாதைச் சமூகம்' என்ற அங்கீகாரம் தருகிறது. அதனால் ஊருக்குப் பெயர் கிடைக்கிறது, கடைகளுக்கு வியாபாரம் கிடைக்கிறது. அந்த அங்கீகாரத்துக்கு ஊர் நிர்வாகம் ஒரு விலை கொடுக்கட்டும்: இன அவமதிப்புப் புகாரை யார் வாங்குவார், எத்தனை நாளில் விசாரிப்பார் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். மீறும் ஊரின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற வேண்டும். லிஃப்டை நம்பாமல் இருக்க, பாதை சாலையைத் தொடும் முக்கிய இடங்களில் மலிவுக் கட்டணச் சிற்றுந்து வேண்டும். வரும் புகார்களில் இனம் சார்ந்தவற்றைத் தனியே தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

மத்திய அரசு இதைச் செய்யும் என்று எதிர்பார்க்க இப்போது இடமில்லை. 2025 மார்ச்சில் வெளியான அதிபர் ஆணையைத் தொடர்ந்து, தேசியப் பூங்காக்களில் உள்ள வரலாற்றுப் பலகைகள் நாட்டை இழிவுபடுத்துகின்றனவா என்ற ஆய்வு தொடங்கியது. பூங்காக்களின் 2026ஆம் ஆண்டு இலவச நுழைவு நாள்களில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளும், அடிமை விடுதலையைக் கொண்டாடும் ஜூன் 19ஆம் நாளும் நீக்கப்பட்டு, அதிபரின் பிறந்தநாளான ஜூன் 14 சேர்க்கப்பட்டது. ஆனால் காப்பகம் அரசுத் துறை அல்ல. அதன் வரைபடங்களிலும் கையேடுகளிலும் எர்வின் 1918ஐயும் லூயிஸ் மலையையும் அச்சிட எந்த அதிபரின் அனுமதியும் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் ஸ்பிரிங்கர் மலையில் புதிய நடைப்பருவம் தொடங்குகிறது. அடுத்த பருவத்துக்குள் ஊர்களுடனான ஒப்பந்தங்களைக் காப்பகம் கையெழுத்தாக்கி வெளியிட வேண்டும்.