மதகைத் திறப்பவர் யார்?

கேரளப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் 2018இல் தொடங்கப்பட்டன. உயர்நிலை வகுப்பு மாணவர்கள் அசைவூட்டம், காணொளித் தொகுப்பு, மின்னணுவியல், மலையாளக் கணிமை ஆகியவற்றைக் கட்டற்ற மென்பொருள்களின் துணையுடன் கற்கின்றனர். கருவி கைக்கு வந்துவிட்டது. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ்வழி பயிலும் பிள்ளைகள் அக்கருவியால் எதை விளக்குவது, எம்மொழியில் விளக்குவது என்பதே எஞ்சும் வினா.

விளக்கத்துக்குரிய பொருள் அவர்கள் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டு வழியே ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். தெற்கே, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை, மேற்கு நோக்கி ஓடும் ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கில் வைகைப் படுகைக்குத் திருப்புகிறது. மிகைநீர் வண்டிப்பெரியாற்றைக் கடந்து இடுக்கி நீர்த்தேக்கத்தை அடைகிறது. செய்தித்தாள்களில் இவை அடிக்கணக்காகவும் டி.எம்.சி. கணக்காகவும் மட்டுமே இடம்பெறுகின்றன. அந்நீரை அளப்பவர் யார், மதகைத் திறக்க ஆணையிடுபவர் யார், கடைமடைக்கு நீர் ஏன் பிந்துகிறது என்பவை அவ்வெண்களால் விளங்குவதில்லை.

விளக்கம் இல்லாத இடத்தில் அச்சம் குடியேறுகிறது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பதற்றத்தின்போது இடுக்கியின் தோட்டத் தமிழர் பலர் எல்லை கடந்து தேனி மாவட்டத்துக்கு ஓட நேர்ந்தது. 2021 அக்டோபரில் அணையைக் கைவிடக் கோரும் முழக்கம் சமூக ஊடகங்களில் பரவியபோதும், அணை எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிய தமிழில் அறிந்துகொள்ள அப்பகுதிப் பிள்ளைகளுக்கு வழி குறைவாகவே இருந்தது.

மலையாளக் காணொளிக்குத் தமிழ்க் குரல் சேர்ப்பதால் இக்குறை தீராது. கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம் ஏரி என்னும் சித்தூர் வட்டார நீர்த்தேக்கங்களின் பெயர்களில் ‘ஏரி’ இன்றும் வாழ்கிறது. மடை, மதகு, வாய்க்கால் என்பவை உழவர் நாவில் புழங்கும் கலைச்சொற்கள். பாடத்தில் ‘ரெகுலேட்டர்’ என்று படிக்கும் மாணவி, அது தன் பாட்டனார் பேசும் மதகோடு உறவுடையது என்பதை உணரும்போதுதான் பாடமும் ஊரும் ஒன்றாகின்றன. அவ்வுறவைக் கண்டறியும் வேலை மொழியியல் களப்பணியே. முதியவரிடம் சொல் கேட்டு, பொறியாளரிடம் இயக்கம் கேட்டு, இரண்டையும் ஒரே படத்தில் பொருத்தும் மாணவர் குழு அதைச் செய்ய வல்லது.

இரு மாநிலப் பூசலில் சிறுவர்களை இழுத்துவிடக் கூடாது என்ற தயக்கம் எழலாம், அது நியாயமானதே. ஆயின், பூசலுக்குத் தீர்ப்புரைக்குமாறு எவரும் அவர்களைக் கேட்கவில்லை. நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டினால் போதும். பூசல் முற்றும்போது முதலில் துன்புறுவோர் அவர்களுடைய குடும்பத்தாரே; அறியும் உரிமையும் முதலில் அவர்களுக்கே உண்டு.

ஆகவே தமிழ்வழிப் பள்ளிகளின் மன்றங்களில் மலையாளக் கணிமைக்கு உள்ள இடம் தமிழ்க் கணிமைக்கும் கிடைக்க வேண்டும். எல்லையோர நீரமைப்புகள் பற்றிய தமிழ்க் காணொளிகளை மாணவர் திட்டப்பணியாக ஏற்று மதிப்பிட வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் சொற்களைச் சரிபார்க்கும் துணைப்பணிக்கு முன்வருதல் நன்று.