மலையைக் குடையுமுன்

கல்முனையிலிருந்து கண்டிக்குச் செல்லும் வழியில், மகியங்கனைக்கு அப்பால், ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற ஓர் ஏற்றம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நோயுற்ற என் உம்மாவை இரவோடிரவாகக் கண்டி வைத்தியசாலைக்கு அவ்வழியே கொண்டு சென்றேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகினார். ‘இம்மலையைக் குடைந்து நேர்வழி ஒன்று போட்டால் என்ன?’ என்று நான் மனம் வெதும்பினேன். ஆதலால், மலையைத் தொடவே கூடாது என்று வாதிப்போர் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம்.

கரைக்கும் மலைக்கும் உள்ள உறவு புதிதன்று. நம் முன்னோர் உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றித் தவளம் போனவர்கள். மலையின் வளைவுகளுக்கு இசைந்தே நடந்தவர்கள். 1815இல் கண்டியைக் கைக்கொண்ட வெள்ளையரோ, பின்னர் கடுகண்ணாவையில் பாறையைத் துளைத்துச் சாலை அமைத்தனர். மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி பணியும் என்றொரு பழங்கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், குடைபவன் யாருக்காகக் குடைகிறான் என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

அவ்வினாவுக்கு விடை தேடிய நாடொன்றை இங்கே காட்ட விரும்புகிறேன். நம் தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழும் சுவிற்சர்லாந்தில், அல்ப்ஸ் மலையின் கொத்தார்ட் கணவாய்க்குக் கீழே, ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளமான வீதிச் சுரங்கம் 1980இல் திறக்கப்பட்டது. ஒரே குழாய், எதிரும் புதிருமாக வாகனங்கள். 2001 ஒக்டோபரில் இரு லொறிகள் மோதித் தீப்பற்றியதில் 11 பேர் மாண்டனர். ‘இரண்டாவது சுரங்கம் வேண்டும்’ என்ற குரல் வலுப்பதில் வியப்பென்ன?

ஆயினும் அந்நாட்டு மக்கள், அல்ப்ஸை ஊடறுக்கும் வீதிகளின் கொள்ளளவு பெருகலாகாது என்று 1994இலேயே வாக்களித்து, அதை அரசியலமைப்பில் எழுதிவைத்திருந்தனர். 2004இல் இரண்டாவது சுரங்கத்தை மறுத்தனர். 2016இலேதான் 57 வீதத்தினர் இசைந்தனர். அதுவும் ஒரு நிபந்தனையோடு: பழைய சுரங்கத்தைச் செப்பனிட்டு இரண்டும் திறந்த பின்னரும், ஒவ்வொன்றிலும் ஒரு தடத்திலேயே வாகனம் ஓடவேண்டும். பயணிக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். மலைப் பள்ளத்தாக்கில் வண்டிகள் பெருகா. இப்பொழுது அவ்வேலை நடைபெற்று வருகிறது.

நம் நாட்டில் நடந்தது என்ன? உமாஓயாத் திட்டத்திற்காக ஊவா மலையைக் குடைந்தபோது, 2014 இறுதியில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதியில் இறங்கினர். திட்டம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரமும் நீரும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தம் காலடியில் குடையுமுன் தம்மிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர்கள் வழக்கு.

‘அது செல்வ நாடு, கேட்டுக்கொண்டிருக்க அதற்கு நேரமுண்டு, நமக்கு அவசரம்’ என்பார் சிலர். நான் இதை ஏற்கேன். செல்வன் வீட்டுக் கிணறு வற்றினால் குழாய் வரும். ஏழை வீட்டில் கிணறு வற்றினால் குடம் சுமக்கப் பெண்தான் நடப்பாள். இழப்பைத் தாங்க மாட்டாதவனிடமே முதலில் கேட்கவேண்டும்.

நாளை அந்தப் பதினெட்டு வளைவின் கீழே ஒரு சுரங்கம் அமையுமாயின், கீழ்க்கரையில் முதலில் மகிழ்பவன் நானாகவே இருப்பேன். ஆனால் அம்மலைமேல் வாழும் ஒரு தாயின் கிணறு வற்றித்தான் என் உம்மாவின் வழி குறுகும் என்றால், அவ்வழியைக் கேட்க எனக்கு நா எழவில்லை. வளைவுகளிலே முனகிக்கொண்டு போன என் உம்மாவும் அதைக் கேட்டிருக்க மாட்டார்.